பேயைத் தேடும் முன் வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் மதுரையில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள். அமானுஷ்ய விஷயங்களை ஆராய்வதில் ஆர்வம் உண்டு. ஈ.எம்.எஃப். மீட்டர், இரவிலும் படம் எடுக்கும் கேமரா, நல்ல ரெக்கார்டர் எல்லாம் வாங்கிவிட்டோம். வரும் டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்துக்குள் தங்கிப் பதிவு செய்யத் திட்டம். அதற்கு முன் ஒத்திகையாக, சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் என் நண்பனின் அத்தை வீட்டுக்குப் போகிறோம். அங்கே மூன்று மாதமாக இரவில் கூரை மேல் கல் விழுகிறதாம். அத்தை, மாமா, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, மூன்று பேர்தான் வீட்டில். பழைய கட்டடங்களைப் பார்த்துச் சொல்லும் பொறியாளரான உங்களிடம் கேட்கிறோம்: எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது? யார் மனமும் புண்படாமல் நடந்துகொள்ள என்ன வழி?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாவது கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நீளமாக எழுதுகிறேன். என் தொழிலில் 28 வருடங்களாகப் பழைய வீடுகளின் சுவரையும் கூரையையும் பார்த்துச் சொல்லி வருகிறேன். அவற்றில் சில வீடுகளுக்கு என்னைக் கூப்பிட்டதே, “இரவில் சத்தம் கேட்கிறது, யாரும் குடிவர மாட்டேன் என்கிறார்கள், ஒருமுறை வந்து பாருங்கள்” என்றுதான். எந்த வீட்டிலும் பேயை நான் பார்த்ததில்லை. ஆனால் பயந்துபோன மனிதர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். உங்கள் ஆய்வும் அவர்களிடம்தான் தொடங்க வேண்டும்.

முதலில் தனுஷ்கோடி. அந்த இரவுத் திட்டத்தைக் கைவிடுங்கள். பகலில் போங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. அன்று குழந்தையாக இருந்து தப்பியவர்கள் இன்றும் ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறார்கள். அங்கே இப்போதும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த தேதி அவர்களுக்குத் திதி நாள் மாதிரி. யாரோ ஒருவருடைய அம்மா செத்த நாளில், அவர் செத்த இடத்தில் நின்று, “இங்கே யாராவது இருக்கிறீர்களா, இருந்தால் விளக்கை எரியவிடுங்கள்” என்று கேட்பது சரியாக இருக்குமா? நம் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் பொறுத்துக்கொள்வோமா? அந்த இடத்தை அப்படி நினைத்துப் பாருங்கள், மிச்சத்தை நான் சொல்லவே வேண்டாம்.

பாதுகாப்புக் காரணங்களும் இருக்கின்றன. இருட்டிய பிறகு சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. இலங்கை எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கடலோரக் கண்காணிப்பு உள்ள இடம் அது. இரவில் விளக்கைக் காட்டிக்கொண்டு நடமாடுவது, ட்ரோன் பறக்கவிடுவது எல்லாம் வீண் வம்பு. தேவாலயச் சுவர்கள் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. அறுபது வருட உப்புக் காற்றில் அந்தக் காரை அரித்துப்போயிருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்வதே ஆபத்து. ஆண்கடல் என்று அங்கே சொல்லும் தெற்குப் பக்கத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்பதை மீனவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பகலில் போனால் அங்கே குடிசைக் கடைகளில் மீன் சாப்பாடு கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு, அவர்களுக்கு நேரமும் மனமும் இருந்தால் பேசிக்கொண்டிருங்கள். அந்த ஊரைப் பற்றி எந்த மீட்டரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். பதிவு செய்ய விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நினைவு நாளில் போவது பற்றி இன்னொன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஸ்டேட்ஸ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாலம் உண்டு. 1891 ஆகஸ்ட் 27-ல் அங்கே ரயில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அதே இரவில் அந்த ரயிலின் ஆவி வரும் என்று ஒரு கதை. 2010-ல் அதே தேதியில், அதைப் பார்க்க ஒரு டஜன் பேர் பாலத்தின் மேல் காத்திருந்தார்கள். வந்தது நிஜ ரயில். ஓடித் தப்பப் பாலத்தில் இடமில்லை. 29 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். தண்டவாளத்தில் விளக்குத் தெரிந்தால் அது ரயில்தான், தம்பி. நம் நாட்டில் ரயில் பாதையில் அத்துமீறினால் ரயில்வே சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

பாழடைந்த வீடுகளுக்கும் இதே கதிதான். 2006-ல் ஓஹையோ மாநிலத்தில் சில பள்ளி மாணவிகள், பேய் வீடு என்று பேர் வாங்கிய ஒரு வீட்டின் முற்றத்துக்குள் இரவில் நுழைந்தார்கள். அந்த வீட்டில் ஆள் இருந்தார். அவர் சுட்டதில் ஒரு பெண் தலையில் படுகாயம் அடைந்தாள். லூயிசியானாவில் 1850-களில் கட்டிய பெரிய பண்ணை மாளிகை ஒன்று 2013-ல் தீயில் போனது. ஆவியைத் தேடி உள்ளே போன ஆட்களைத்தான் அதற்காகக் கைது செய்தார்கள். நூற்றைம்பது வருடம் நின்ற வீடு ஓர் இரவில் போய்விட்டது என்பது என் போன்றவனுக்கு நெஞ்சை அறுக்கிற செய்தி.

அதனால் அனுமதி. உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், அதில் தேதியும் நேரமும் இருக்கட்டும். அப்புறம் பக்கத்து வீடுகளுக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் டார்ச்சோடு நடமாடும் நான்கு இளைஞர்களைக் கிராமத்தில் யாரும் ஆய்வாளர்கள் என்று நினைக்க மாட்டார்கள். திருடர்கள் என்று நினைத்துக் கட்டிப்போட்டு அடித்துவிட்டால் எந்த மீட்டரும் காப்பாற்றாது. சுடுகாடு, கல்லறை, தர்கா, கோயில் நிலம் பக்கமே இரவில் போக வேண்டாம். மற்றவர் மனம் புண்படும் என்று தெரிந்தே இறந்தவர்களை அடக்கம் செய்த இடத்தில் அத்துமீறினால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-வது பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், அது வேறு ஒருவருடைய அப்பா படுத்திருக்கும் இடம்.

இனி என் தொழில் விஷயம். அனுமதியோடு ஒரு பழைய வீட்டுக்குள் போகிறீர்கள் என்றால், பகலில் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்க்காமல் இரவில் கால் வைக்கவே கூடாது. மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய கூரை, போட்ட வீடுகளில் தேக்குக் கட்டைகளின் நுனி சுவருக்குள் இருக்கும். ஈரம் இறங்கி அந்த நுனிதான் முதலில் மக்கும். கீழிருந்து பார்த்தால் கட்டை வைரம் மாதிரி தெரியும், மேலே ஆள் ஏறினால் அப்படியே இறங்கும். நானே ஒருமுறை முழங்கால் வரை உள்ளே போனேன். கூட வந்த கொத்தனார் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். மாடிக்கும் மரப்படிக்கும் போகாதீர்கள். சன்ஷேடுக்குக் கீழே நிற்காதீர்கள், துருப்பிடித்த கம்பி காரையைத் தள்ளிக்கொண்டிருக்கும். கொல்லையில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடி உடைந்த செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துக் கயிறு கட்டி வையுங்கள். எதற்காகவும் அவற்றுக்குள் இறங்காதீர்கள். கீழே தேங்கியிருக்கும் வாயுவில் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் சாவது நம் ஊரில் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

பாம்பு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் பட்டியலில் கேமராவுக்கு முன்னால் இருக்க வேண்டியது கணுக்கால் மூடிய ஷூவும் நல்ல டார்ச்சும். இரவில் தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும், அது கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. ‘ஏதோ பூச்சி’ என்று விட்டுவிடத் தோன்றும். சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். வௌவால் எச்சம் குவிந்த அறையில் தூசியைக் கிளப்பினால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். என்-95 மாஸ்க் போடுங்கள், முடிந்தால் அந்த அறையையே விட்டுவிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள்.

ஜெனரேட்டர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. 1921-ல் ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். பழைய பெரிய வீடு ஒன்றுக்குக் குடிபோன பிறகு இரவில் காலடிச் சத்தம், யாரோ பின்னால் வருவது போன்ற உணர்வு, உருவங்கள். எல்லோருக்கும் தலைவலி, குழந்தைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலையில் கோளாறு. புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் அந்த உலை கிடையாது. ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் உண்டு, மூடிய அறையில் கரி மூட்டுவது உண்டு. அதனால் ஒரு வீட்டில் விசித்திரமாக ஏதோ நடக்கிறது என்றால் என் முதல் கேள்வி, “வீட்டில் யாருக்காவது தலைவலி, குமட்டல் இருக்கிறதா?” என்பதுதான். கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கியதிலேயே உயிரைக் காப்பாற்றக்கூடிய கருவி அதுவாகத்தான் இருக்கும்.

ஈ.எம்.எஃப். மீட்டர் மின்காந்தப் புலத்தைக் காட்டும், அவ்வளவுதான். சுவருக்குள் ஓடும் வயர், மீட்டர் பெட்டி, பக்கத்து வீட்டு மோட்டார், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் எல்லாவற்றுக்கும் துள்ளும். ஆனாலும் அது வீண் செலவு இல்லை. எர்த் சரியில்லாத பழைய வயரிங் இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுத்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். ஃபிளாஷ் படத்தில் மிதக்கும் ஒளி உருண்டைகள் லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் தூசி. ரெக்கார்டரைப் பொறுத்தவரை ஓர் ஒழுங்கு வேண்டும். யாராவது இருமினால், நாற்காலி நகர்ந்தால், உடனே வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு ஒலியைக் கேட்கும்போது “இங்கே ‘போ’ என்று கேட்கிறது பார்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நால்வருக்கும் ‘போ’ என்றுதான் கேட்கும். தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக எழுதி, அப்புறம் ஒப்பிடுங்கள். 1990-களில் அமெரிக்காவில் ஒரு நாடக அரங்குக்குள் சிலரை அனுப்பிப் பார்த்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும் இங்கே பேய் நடமாட்டம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். விசித்திர உணர்வுகளை அதிகம் சொன்னவர்கள் அவர்கள்தான்.

இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியாளர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரு நடுக்கம், மனச்சோர்வு. ஒரு இரவு அவருக்கே ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளை இடுக்கியில் மாட்டிவைத்திருந்தபோது, அது தானாக அதிர்வதைக் கவனித்தார். புதிதாக மாட்டிய காற்றாடி ஒன்று, காதுக்கு எட்டாத, நொடிக்குச் சுமார் 19 அதிர்வுள்ள ஒலியை அந்த அறையில் நிரப்பிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. 1998-ல் அதை எழுதினார். எல்லா வீட்டுக்கும் இதுவே விடை என்று நான் சொல்ல வரவில்லை. பயந்த பிறகும் உட்கார்ந்து, எதனால் என்று கேட்டாரே, அந்தப் பொறுமை உங்களுக்கும் வேண்டும்.

சரி, அத்தை வீடு. இதைத்தான் நீங்கள் ஒத்திகை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே கவலை தந்தது அந்த வார்த்தைதான். மூன்று மாதமாகத் தூங்காத ஒரு குடும்பம் அது.

போகும்போது கருவிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஒரு நோட்டோடு போங்கள். எத்தனை மணிக்கு விழுகிறது, எந்தப் பக்கக் கூரையில், அப்போது யார் எங்கே இருந்தார்கள், காற்று இருந்ததா, விழுந்த கல்லை எடுத்து வைத்திருக்கிறார்களா? கல்லைக் கண்ணால் பார்க்கும் வரை அது சத்தம் மட்டும்தான். நான் போன ஒரு வீட்டில் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது வாதாங்கொட்டை. பழந்தின்னி வௌவால்கள் பக்கத்துத் தெரு வாதாமரத்திலிருந்து பழத்தைத் தூக்கிவந்து, கூரைக்கு மேலிருந்த வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டு தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டன. இன்னொரு வீட்டில் மரநாய். பகல் வெயிலில் விரிந்த தகரம் இரவில் குளிர்ந்து சுருங்கும்போதும் கல் விழுந்தது போலவே ‘டம்’ என்று கேட்கும். கூகை கத்துவதைச் சாக்குருவி என்று பயப்படுவார்கள், அந்த அலறலைக் கேட்டால் எனக்கே ஒரு நிமிடம் சிலிர்க்கும். அத்தைக்கு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, கையைக் காலை அசைக்க முடியவில்லை என்றால், நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்று சொன்னது அது. தூக்கம் கெட்டால் வரும். மூளை விழித்து, உடம்பு விழிக்காத சில நொடிகள்.

நிஜமாகவே கல் விழுந்தால், எறிவது ஒரு கை. நிலத் தகராறு உண்டா, வீட்டை விற்கச் சொல்லி யாராவது நெருக்குகிறார்களா என்று மாமாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்படி என்றால் அது காவல்துறையின் வேலை, உங்களுடையது அல்ல.

கை வீட்டுக்குள்ளேயும் இருக்கலாம். யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், பின்னாளில் இலங்கையிலும் இந்தியாவிலும் இப்படிப்பட்ட எத்தனையோ வீடுகளுக்குப் போனவர். கல் விழுவது, துணி பற்றி எரிவது போன்றவற்றின் பின்னால் அவர் கண்டது பெரும்பாலும் அந்த வீட்டிலேயே இருந்த, மனம் நொந்த ஒரு மனிதரை. அவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவதுதான் அவர் வழக்கம்.

நான் அதைச் செய்யத் தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு வீட்டில் கல் எறிந்தது பதின்மூன்று வயதுப் பையன் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பெருமையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் அப்பா என் கண் முன்னாலேயே அவனை அடித்த அடி இன்னும் மறக்கவில்லை. அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பட்டறை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவன் வாயால் சொல்ல முடியாததைக் கல்லால் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் கல் விழுவது நின்றது. அவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அதனால் அந்தப் பேத்தியை நினைத்து எழுதுகிறேன். தாத்தா பாட்டியிடம் அவள் ஏன் இருக்கிறாள், அம்மா அப்பா எங்கே, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா? நீங்கள் நான்கு ஆண்கள், அவளிடம் நீங்கள் கேட்க வேண்டாம். அத்தையிடம் கேளுங்கள். அவளைக் கேமராவில் எடுக்கவே கூடாது, அத்தை சம்மதித்தாலும். “இவள் மேல் ஏதோ இருக்கிறது” என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் அந்தப் பெண்ணின் படிப்பும் நிம்மதியும் போய்விடும். அவள்தான் எறிகிறாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், அன்று இரவு யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்து, அவள் நம்பும் ஓர் ஆசிரியை மூலமாகவோ மனநல ஆலோசகர் மூலமாகவோ மெதுவாகப் பேச வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவளுக்கு வெளியே சொல்ல முடியாத துன்பம் ஏதாவது இருப்பதாகத் தோன்றினால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

பூசாரியை அழைத்து வந்து கயிறு கட்டியிருந்தால் அதைக் கிண்டல் செய்ய வேண்டாம். அந்தக் கயிறு கொடுத்த தைரியத்தில்தான் அத்தை இரண்டு மணி நேரமாவது தூங்கியிருப்பார். ஆனால் யாரையாவது அடைத்து வைக்க, அடிக்க, கட்டிப்போடப் பேச்சு வந்தால் அங்கே நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். பேய் பிடித்தது என்று சொல்லிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. மனநோய் உள்ளவரைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

சனிக்கிழமை பகலில் போய், இருட்டும் முன் கூரையையும் சுற்றியிருக்கும் மரங்களையும் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். ஆள் யாரும் படத்தில் வேண்டாம். இரவு தங்கச் சொன்னால் இரண்டு பேர் மட்டும் திண்ணையில், கட்டில் மேல் தங்குங்கள். விழுந்த கல் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். நோட்டில் எழுதியதையும் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். கூரை என்ன கூரை, ஓடா தகரமா, அதையும் எழுத மறக்காதீர்கள்.